சும்மா கிடந்த கையளவு இடம்

கீழ்ரூம்காரர் "சரிங்க" என்று சொன்னால் "நீ ஒரு அடிமுட்டாள்" என்று பொருள். பத்தொன்பது வருடமாக அந்தத் தொண்டை ஆஸ்பத்திரியில் தினம் இருபது முப்பது தடவை அவர் "சரிங்க" சொல்லி வந்தார். கேட்டவர்கள் எல்லாரும் அவரைப் பணிவான மனிதர் என்று நினைத்தார்கள். அப்படி நினைத்ததே அவர்களைப் பற்றிய அவருடைய அபிப்பிராயத்துக்கு இன்னொரு சாட்சி ஆயிற்று.

அவருடைய அறை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், துணி வெளுக்கும் இயந்திரங்களுக்கும் கால் உடைந்த கட்டில்களுக்கும் நடுவில் இருந்தது. அதனால்தான் அந்தப் பெயர். உள்ளே மூன்று இரும்பு அலமாரிகள், அவை நிறைய ஹார்ட் டிஸ்க் வட்டுகள். மேலே நாலு மாடியிலும் இருந்த நாற்பத்தொரு கம்ப்யூட்டர்களில் ஒன்றுக்காவது சொந்தமாக வட்டு கிடையாது. அவை வேலை செய்யும்போது கையில் வைத்துக்கொள்ள நினைவகம் மட்டும் உண்டு. சேர்த்து வைக்க வேண்டியது எதுவானாலும் கம்பி வழியாகக் கீழே இறங்கி இந்த அலமாரிக்குத்தான் வர வேண்டும். "மேல இருக்கிறதெல்லாம் வெறும் வாய். வயிறு இங்க இருக்கு" என்று அவர் ஒருமுறை சொன்னார். சொன்னது தனக்குத்தானே. மற்றவர்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அலமாரிகள் சூடாகக் கூடாது என்று அறையை எப்போதும் குளிர வைத்திருப்பார்கள். அதனால் வெயில் கொளுத்தும் மாதத்திலும் அவர் பழுப்புக் கம்பளிச் சட்டை ஒன்றைப் போட்டிருப்பார். அதைப் போட்டுக்கொண்டே மேலே வருவார். நர்சுகள் சிரிப்பார்கள். சாப்பாட்டு அறையில் அவர் யாரோடும் உட்காருவதில்லை. டப்பாவைக் கீழேயே திறந்து, அலமாரிகளின் இரைச்சலில் தனியாகச் சாப்பிடுவார். மனிதர்கள் பேசுவதைவிட அந்த இரைச்சலில் விஷயம் அதிகம் என்பது அவர் கட்சி.

வீட்டிலும் பெரிய மாற்றம் இல்லை. மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. சாது. அவளை அவர் இகழ்ந்ததில்லை, பெரிதாகக் கவனித்ததும் இல்லை. ஆனால் மனைவிக்கு ஒரு அக்கா இருந்தாள், பக்கத்துத் தெருவில். முப்பது வருடம் தபால் அலுவலகக் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற முப்பது வருடத்து ஜனங்களில் ஒருவருக்காவது முகவரி எழுதத் தெரியவில்லை என்பது அவள் கண்டுபிடிப்பு. கல்யாணத்தன்று கீழ்ரூம்காரரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தங்கையின் காதில் சொல்வதுபோல் ஊருக்கே கேட்க, "பரவாயில்ல, மழைக்கு ஒதுங்கலாம்" என்றாள். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடம், அவர் வீட்டுப் படியை விட்டு இறங்கும்போது ஒரு குத்தல் வைக்காமல் அவள் போனதே கிடையாது. "வரேன் மாப்பிள்ளை. கம்பளிய வருஷத்துக்கு ஒரு தடவையாவது தண்ணி காட்டுங்க." "வரேன் மாப்பிள்ளை. பேச்சக் குறைச்சுக்கோங்க, தொண்டை தேஞ்சிடப் போகுது." மாப்பிள்ளை என்ற மரியாதைச் சொல்லை அவளைப்போல் வசவாக மாற்றத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. அவருக்கு அவளைக் கண்டால் ஆகாது. இருந்தாலும் அந்த வீட்டு வாசலுக்கு வருபவர்களில் மூளை உள்ளவள் அவள் ஒருத்திதான் என்று அவர் மனத்தின் ஒரு மூலை ஒப்புக்கொண்டிருந்தது.

கடைசியில் தேய்ந்தது அவள் தொண்டைதான். குரல்வளையில் கட்டி. குரல்வளையை முழுக்க எடுத்தால்தான் உயிர் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடுத்தபின் குரல் வராது.

அப்படிப்பட்டவர்களுக்காக மூன்றாம் மாடியில் குரல் அறை என்று ஒன்று இருந்தது. அறுவைக்கு முன்னால் நோயாளியை அங்கே உட்காரவைத்துப் பேச்சைப் பதிந்துகொள்வார்கள். பிறகு ஒரு சின்னக் கருவி கொடுப்பார்கள். அதில் எழுதினால் அது அவர்கள் குரலிலேயே பேசும். பதினைந்து அமர்வுகளில் அச்சடித்த வாக்கியங்களைப் படிக்க வேண்டும். எனக்குத் தண்ணீர் வேண்டும். ஜன்னலைத் திறக்கவும். இன்று வானிலை இனிமையாக உள்ளது. அக்கா முதல் நாளே தாளைத் தூக்கிப் போட்டாள்.

"நான் எந்தக் காலத்துல 'திறக்கவும்'னு பேசினேன்? 'ஜன்னலைத் தொற, புழுங்குது'ன்னுதான் சொல்லுவேன். இதப் படிச்சா என் குரல்ல எவளோ பேசுற மாதிரி இருக்கும்."

குரல் அறையின் ஒலிப்பதிவுக்காரி பொறுமைசாலி. அதற்காகத்தான் பதினாறாவது அமர்வு இருக்கிறது என்று விளக்கினாள். கடைசி ஒரு மணி நேரம் தாள் கிடையாது. மனதுக்குத் தோன்றியதைப் பேசலாம். ஏற்ற இறக்கம், இழுவை, வெட்டு எல்லாவற்றையும் கருவி அந்த ஒரு மணி நேரத்திலிருந்துதான் கற்றுக்கொள்ளும். அது இல்லாவிட்டால் ஒலி அவளுடையதாக இருக்கும், பேச்சு அறிவிப்புப் பலகை படிப்பதுபோல் இருக்கும். அக்கா அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள். பதினாறாவது அமர்வு வெள்ளிக்கிழமை காலை, அறுவை சனிக்கிழமை காலை என்று நாள் குறித்தார்கள். தொண்டை வீங்கிக்கொண்டே வந்தது. அந்த ஒரு மணி நேரத்துக்குமேல் பதிவுக்குக் குரல் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பத்து நாள் முன்புதான் ஒட்டடைக்குச்சி கீழே வந்தார். அவர் ஆஸ்பத்திரியின் புது நிர்வாகி. உயரம், ஒல்லி, எதைக் கண்டாலும் துடைத்தெடுக்க வேண்டும் என்ற அரிப்பு. பெயர் வைத்தது கீழ்ரூம்காரர். வழக்கம்போல் மனதுக்குள். நிர்வாகி எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் கண்காணிப்பான் என்றொரு நிரலைப் போடச் சொல்லியிருந்தார். எங்கே எவ்வளவு நினைவகம் பயன்படுகிறது, எவ்வளவு வீணாகிறது என்று அது வண்ண வண்ணக் கட்டங்களாகக் காட்டும். வீணைக் கண்டுபிடிக்கவென்று வந்த அந்த நிரல் தானே ஒரு பெரிய பங்கை விழுங்கி உட்கார்ந்திருந்தது. அதற்கு மட்டும் கட்டம் கிடையாது.

"இந்த மஞ்சள் என்னங்க? எல்லா மிஷின்லயும் இருக்கு."

"ஒதுக்கீடு."

"எதுக்கு?"

"அவசரத்துக்கு."

"எத்தனை தடவை அவசரம் வந்திருக்கு?"

"வெச்சு ஏழு வருஷமாச்சு. வந்ததில்ல."

"ஏழு வருஷமாவா?"

"ஏழு வருஷமா."

"அப்ப சும்மாதானே கிடக்குது?"

வராமல் இருந்ததற்குக் காரணமே அந்த ஒதுக்கீடுதான். ஒரே வாக்கியம். வேண்டுமானால் இன்னும் இரண்டு சேர்க்கலாம். கம்ப்யூட்டருக்கு நினைவகம் நிறைந்துவிட்டால் அது செய்யக்கூடியது ஒன்றுதான், கையிலிருப்பதில் கொஞ்சத்தைக் கீழே அலமாரிக்கு அனுப்பி இடம் பண்ண வேண்டும். அனுப்புவதற்கோ பொட்டலம் கட்ட வேண்டும். பொட்டலம் கட்டக் கொஞ்சம் நினைவகம் வேண்டும். வந்து சேர்ந்தது என்று அலமாரி அனுப்பும் பதிலை வாங்கவும் கொஞ்சம் வேண்டும். வீடு நிறையச் சாமான் கிடக்கும்போது ஒரு பீரோவை வெளியே எடுக்க வேண்டுமானால் வாசற்படியில் ஒரு ஆள் நிற்க இடம் இருக்க வேண்டும் அல்லவா? அந்த இடத்திலும் மூட்டையைப் போட்டு அடைத்துவிட்டால், வெளியே எவ்வளவு பெரிய கிடங்கு காத்துக்கொண்டிருந்தும் உள்ளிருந்து ஒரு ஊசிகூட நகராது. அந்த வாசற்படிதான் மஞ்சள். அனுப்பும் வேலையைத் தவிர வேறெதுவும் அதைத் தொடக் கூடாது என்று கீழ்ரூம்காரர் ஏழு வருடம் முன்பே கட்டிவைத்திருந்தார். கையளவு இடம்தான்.

இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். நிர்வாகி எதிரே நின்றுகொண்டுதான் இருந்தார், காதும் இருந்தது. ஆனால் கீழ்ரூம்காரர் அந்த முகத்தைப் பார்த்தார், அந்த வண்ணக் கட்டங்களைப் பார்த்தார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நினைத்தார். "சரிங்க" என்றார்.

அடுத்த நாளே சுற்றறிக்கை வந்தது. பயன்படாத ஒதுக்கீடுகள் விதிவிலக்கு இன்றி எல்லா அறைகளிலும் நீக்கப்பட வேண்டும். கீழ்ரூம்காரர் அன்று மதியமே உட்கார்ந்து நாற்பத்தொரு கம்ப்யூட்டர்களிலும் மஞ்சளைப் பூஜ்யமாக்கினார். இத்தனை சந்தோஷமாக அவர் ஒரு வேலையும் செய்ததில்லை. பட்டால்தான் புத்தி வரும், படட்டும். எது முதலில் விழும் என்று யோசித்துப் பார்த்தார். நிர்வாகியின் சொந்த அறைக் கம்ப்யூட்டராக இருந்தால் நன்றாயிருக்கும் என்று ஆசைப்பட்டார். அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பிடும்போது தானாகச் சிரித்தார். மனைவி பயந்துபோய் என்னவென்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றார். கெடுவான் கேடு நினைப்பான் என்பது சும்மா வந்த பேச்சு இல்லை.

வியாழக்கிழமை காலை தலை சீவும்போது அந்த எண்ணம் வரத்தான் செய்தது. நாளைக்கு அக்காவின் கடைசி அமர்வு. அந்த ஒலிப்பதிவு நிரல் முட்டாள்தனமாக எழுதப்பட்டது. பேசி முடித்துச் சேமிக்கும்வரை முழுவதையும் நினைவகத்திலேயே வைத்திருக்கும். ஒரு மணி நேரம் என்றால் பெரிய மூட்டை. குரல் அறைக்கு மட்டும் மஞ்சளைத் திருப்பி வைத்துவிட்டால் என்ன? அரை நிமிட வேலை, யாருக்கும் தெரியாது. ஆனால் விதிவிலக்கு இன்றி என்றல்லவா அந்த மேதை எழுதியிருக்கிறார்? எழுதியபடியே இருக்கட்டும். சீப்பை வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குக் கீழ்ரூம் தொலைபேசி அடித்தது.

"சார், குரல் ரூம்லேர்ந்து பேசறேன். திரை அசைய மாட்டேங்குது. அம்மா பேசி முடிச்சாங்க, சேமிக்கப் போட்டேன், அப்படியே நின்னுடுச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணட்டுமா?"

"தொடாதீங்க" என்றார். தொலைபேசியை வைக்கக்கூட இல்லை, தொங்கவிட்டு ஓடினார். மூன்று மாடியும் படியேறினார், கம்பளியோடு.

குரல் அறை இரண்டு பாகம். இந்தப் பக்கம் மேசையும் கம்ப்யூட்டரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சத்தம் புகாத சின்னக் கூடு, அதில் ஒலிவாங்கிக்கு முன்னால் அக்கா, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு. ஒரு மணி நேரம் பேசிய களைப்பில் முகம் சிவந்திருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவர் நிற்பதைப் பார்த்ததும் அவளுக்குப் பழைய உத்தியோகம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். இதழோரம் ஒரு கோணல்.

அவர் குனிந்து கம்ப்யூட்டரின் பின்பக்கம் பார்த்தார். கம்பி சேருமிடத்தில் ஒரு பச்சை விளக்கு உண்டு, பொட்டலம் போகும்போதும் வரும்போதும் அது துடிக்கும். இப்போது அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. நினைவகம் வாசற்படிவரை அடைத்துக்கொண்டுவிட்டது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒலிப்பதிவுக்காரி முந்தைய பதினைந்து அமர்வுகளையும் திறந்து வைத்திருந்தாள், இது ஒரு மணி நேரத்து மூட்டை, போதாததற்குக் கண்காணிப்பான். மூன்றும் சேர்ந்து கடைசிக் கையளவையும் தின்றுவிட்டன. அணைத்தால் நினைவகம் காலியாகும். அதோடு அந்த ஒரு மணி நேரமும் போய்விடும்.

இப்படிப்பட்ட நேரத்துக்கென்று விசைப்பலகையில் ஒரு கூட்டு விசை இருக்கிறது. அழுத்தினால் கம்ப்யூட்டர் தன்னுள் ஓடுவதில் எது அதிகம் தின்கிறது என்று பார்த்து அதைக் கொன்றுபோடும். அதிகம் தின்றுகொண்டிருந்தது அக்காவின் குரல்தான். அந்த விசைகள் பக்கமே அவர் விரலைக் கொண்டுபோகவில்லை.

இன்னொரு வழி இருந்தது. எல்லாக் கம்ப்யூட்டரிலும் பின்னணியில் ஒரு கறுப்புத் திரையை அவர் எப்போதும் திறந்தே வைத்திருப்பார். நிரல் எதையும் புதிதாகக் கூப்பிடாமல், அந்தத் திரையே தனக்குத் தெரிந்த நாலைந்து கட்டளைகளைச் செய்யும். புதிதாக எதையும் திறக்கத்தான் இடம் இல்லையே. அந்தத் திரைக்கு மாறினார். மாறவே நாலு நிமிடம் ஆயிற்று. ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு எண் உண்டு. கண்காணிப்பானின் எண்ணைக் கண்டுபிடித்து அதை மட்டும் நிறுத்த வேண்டும். எண் தப்பினால் ஒலிப்பதிவு போய்ச் சேரும். பட்டியல் போட்டுக் காட்டும் நிரலைக் கூப்பிட வழியில்லை. ஒவ்வொரு எண்ணாகக் கொடுத்து, நீ யார் என்று தனித்தனியே கேட்க வேண்டும். ஒரு எழுத்தை அடித்தால் அது திரையில் தோன்ற முக்கால் நிமிடம் பிடித்தது.

நிர்வாகி வந்து சேர்ந்தார், கையில் பலகைக் கணினியுடன்.

"ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்களேன். எங்க வீட்டு டிவிக்கு அப்படித்தான் பண்ணுவோம்."

கீழ்ரூம்காரர் அடுத்த எண்ணை அடித்தார். "சரிங்க" கூடச் சொல்லவில்லை. ஐந்தாவது எண் வேறெதுவோ. ஒன்பதாவதும் அப்படியே. கம்பளிக்குள் வியர்வை ஆறாக ஓடியது. நிர்வாகி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரம் என்பதை நினைத்துக்கொண்டு போனார். அக்கா கூட்டின் கதவைத் திறந்து வெளியே வந்து, சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தாள். குரல் நூலாக இளைத்துவிட்டிருந்தது, பதிவுக்கு இனி உதவாது. ஆனாலும் பேசுவதை நிறுத்தினால் அவள் அக்கா இல்லையே.

"என்னாச்சு? நான் பேசினது ஜாஸ்தியாயிடுச்சா?"

"இல்லம்மா, மிஷின்தான்" என்றாள் ஒலிப்பதிவுக்காரி.

"மாப்பிள்ளை ஒத்த விரல்ல அடிக்கிறாரு. எங்க ஆபீஸ்ல புதுசா வந்த பியூன் இதைவிட வேகமா அடிப்பான்."

திரும்பிப் பார்க்காமலே அவர் அதைக் கேட்டுக்கொண்டார். எத்தனையோ வருடத்தில் முதல்முறையாக அவள் குத்தல் அவருக்கு எரிச்சலூட்டவில்லை. இந்தப் பேச்சு, இந்த வெட்டு, இந்த இழுவை, இதெல்லாம் கையளவு இடம் இல்லாமல் அந்தப் பெட்டிக்குள் மூச்சுமுட்டிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் தோன்றியது. அதற்கு யார் காரணம் என்பதும் தோன்றியது. இரண்டு தடவை எண்ணைச் சரிபார்த்தார்.

பதினேழாவது எண் கண்காணிப்பான். நிறுத்தச் சொல்லி அடித்துவிட்டு எழுந்து பின்பக்கம் போய்க் குனிந்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். மூன்றாவது நிமிடம் பச்சை விளக்கு ஒருமுறை துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது. அப்புறம் விடாமல் படபடவென்று துடிக்க ஆரம்பித்தது. கையளவு இடம் கிடைத்ததும் பொட்டலம் ஒன்று வெளியே போனது. அது போன இடத்தில் அடுத்தது கட்டப்பட்டது. மணி ஒன்றே முக்காலுக்கு ஒலிப்பதிவுக்காரியின் திரை உயிர் பெற்று, சேமிக்கப்பட்டது என்று காட்டியது. ஐம்பத்தெட்டு நிமிடப் பேச்சு.

நிர்வாகி வாயைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். "மூணாம் மாடிக் கட்டம் கறுப்பாயிடுச்சே, என்ன பண்ணீங்க?" என்று பலகையைக் காட்டினார். கண்காணிப்பானை நிறுத்த வேண்டியிருந்தது என்று ஒலிப்பதிவுக்காரி சொன்னாள். "ஆக, ஒதுக்கீடு இல்லாமலேயே சமாளிச்சாச்சு. நல்லது" என்றார் நிர்வாகி. கீழ்ரூம்காரர் வாயிலிருந்து பழக்கதோஷத்தில் "சரிங்க" வந்தது.

இடையில் நின்றுபோன பதிவு எதுவானாலும் முதலிலிருந்து கடைசிவரை காதால் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது அவரே போட்ட விதி. கீழே போய்க் காதுப்பொறியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா ஐம்பத்தெட்டு நிமிடமும் ஊரையே பிரித்து மேய்ந்திருந்தாள். டாக்டரின் கையெழுத்து, எதிர்வீட்டுக்காரி தண்ணீர் பிடிக்கும் விதம், பின்கோடு எழுதாத ஜனங்கள், ரகசியக் காதல் கடிதத்தை எல்லாரும் படிக்கும்படி தபால் அட்டையில் எழுதி அனுப்பிய ஒரு வாத்தியார். கீழ்ரூம்காரர் மூன்று இடத்தில் சிரித்தே விட்டார். பதிவில் ஒரு இடத்திலும் பழுது இல்லை. நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் ஒலிப்பதிவுக்காரி, பதிவெல்லாம் பத்திரமாக இருக்குமா என்று கவலையாக இல்லையா என்று ஏதோ கேட்டிருந்தாள். அக்கா சிரிக்கும் சத்தம் வந்தது.

"எனக்கென்ன கவலை? கீழ எங்க மாப்பிள்ளை இருக்காரு. அந்த மூஞ்சிக்கு நாலு வார்த்தை சேர்ந்தாப்புல பேச வராது. கம்பளிப்பூச்சி மாதிரி சுருண்டு கிடக்கும். ஆனா ஒரு வேலைய அவர்கிட்ட விட்டாச்சுன்னா திரும்பிப் பாக்க வேண்டாம். நான் முப்பது வருஷம் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்? இப்படி ஒரு ஆளப் பாக்கல. இத அவர்கிட்ட சொல்லிடாதம்மா, தலைகால் புரியாது."

மிச்சப் பதினாறு நிமிடத்தையும் அவர் கேட்டார். விதி விதிதான். கேட்டு முடித்து, காதுப்பொறியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, நேரே நிர்வாகியின் அறைக்குப் போனார். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்து, வாசற்படிக் கதையைச் சொன்னார். பீரோ, மூட்டை, கையளவு இடம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

நிர்வாகி பேனாவைக் கீழே வைத்தார். "அடடா. அப்ப அந்த மஞ்சள்தான் எல்லாத்தையும் ஓட வெச்சுக்கிட்டு இருந்துச்சா?"

"ஆமாங்க."

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஏங்க கை வைக்கப் போறேன்? நீங்க சரின்னுதானே சொன்னீங்க?"

அங்கேயே சுற்றறிக்கையை ரத்து செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கழுதைக்குக் கற்பூர வாசனை தெரிந்துவிட்டது. யாருக்கும் எதுவும் தெரியாதென்று பத்தொன்பது வருடமாக முடிவு கட்டி வைத்திருந்தவர் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் வாயைத் திறக்காமலே கெட்டவர்.

நாற்பத்தொன்றிலும் மஞ்சளைத் திருப்பி வைத்துவிட்டு, நாலரைக்கு இரண்டாம் மாடி வார்டுக்குப் போனார். அக்கா தலையணைகளில் சாய்ந்திருந்தாள். அவர் மனைவி பெட்டியில் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

எல்லாவற்றையும் சொன்னார். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராத மனிதர் அன்று ஐந்து நிமிடம் பேசினார். மஞ்சளை எடுத்ததைச் சொன்னார். எடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தே எடுத்ததைச் சொன்னார். துணி மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"தெரிஞ்சேவா எடுத்தீங்க?" என்றாள் மனைவி.

"தெரிஞ்சேதான்."

"அக்கா ரூமுக்கும் அதான் ஆகும்னு தெரியுமா?"

"வியாழக்கிழமை தோணுச்சு."

"தோணியுமா?"

"தோணியும்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தாள். அவர் காத்து நின்றார். அந்த நேரத்தில் அவள் என்ன சொல்லியிருந்தாலும், துடைப்பக்கட்டையை எடுத்திருந்தாலும், அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். அவள் வாயை மூடிக்கொண்டாள். தங்கை பக்கம் திரும்பி, "அந்த நீலத் துண்டை எங்க வெச்ச?" என்றாள்.

அன்று சாயங்காலம் முழுக்க அந்த நூல்குரலில் அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். பேசாதே என்று சொன்ன நர்சை, "நாளைக்கு அப்புறம் நீங்க கெஞ்சினாலும் பேச மாட்டேன்" என்று அடக்கினாள். எதிர்வீட்டுக்காரிக்குத் தொலைபேசி போட்டுக் குழாயை இறுக்கி மூடச் சொன்னாள். நலம் விசாரிக்க வந்த நிர்வாகியிடம், ஆஸ்பத்திரிப் பெயர்ப்பலகையில் பின்கோடு இல்லை என்று குறை சொன்னாள். அவர் குறித்துக்கொண்டு போனார். பக்கத்துக் கட்டிலின் கிழவியிடம் ஒரு மணி நேரம் பேசினாள். கீழ்ரூம்காரர் கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காருங்க என்று யாரும் சொல்லவில்லை.

பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்ததும், "வரேன்க்கா" என்றார். அவள் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். படியிறங்கும்போது மனைவி, "ஆபரேஷன் முடியட்டும். அந்தக் கருவி வந்ததும் உங்களத்தான் முதல்ல திட்டுவா பாருங்க" என்று ஆறுதல் சொன்னாள். திட்டலாம். கருவி எதை வேண்டுமானாலும் பேசும், எழுதிக் கொடுத்தால் போதும்.

மறுநாள் காலை ஏழரை மணிக்குத் தள்ளுகட்டில் வந்தது. தங்கையும் கீழ்ரூம்காரரும் நடைவழியில் கூடவே நடந்தார்கள். அவர் வேண்டுமென்றே தலைமாட்டுப் பக்கமாக, அவள் கண்ணில் படும்படி நடந்தார். வார்த்தை வேண்டாம், ஒரு "ம்" வந்தால்கூடப் போதும் என்றிருந்தது அவருக்கு. அறுவை அறை வாசலில் கட்டில் நின்றது. அக்கா தங்கையின் கையைப் பிடித்து, "அழாத. மூக்கத் தொடை" என்றாள். கட்டிலைத் தள்ளுகிறவன் கதவில் இடிக்காமல் திருப்பிக்கொண்டிருந்தான். அவனைத் திரும்பிப் பார்த்து, "மெதுவாப் போப்பா, அவசரம் ஒண்ணுமில்ல" என்றாள்.

அதுதான் அவள் தொண்டையிலிருந்து வந்த கடைசிப் பேச்சு. கட்டில் தள்ளுகிறவனுக்குக்கூட ஒரு வார்த்தை இருந்தது. அவருக்கு இல்லை.